படித்தது ஏன் வேறிடத்தில் கைகொடுப்பதில்லை?

ரேனோ நோய் என்றொரு கோளாறு உண்டு. குளிர் பட்டதும் விரல்களின் ரத்தக்குழாய்கள் இறுகி, விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். இந்த நோயாளிகள் சிலரின் ரத்தம் கூடுதல் பிசுபிசுப்பாக இருக்கிறது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன என்று ஒரு பக்கம் ஆய்வுக்கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. மீன் எண்ணெய் இவ்விரண்டையும் குறைக்கிறது என்று இன்னொரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் கட்டுரையை அவர்கள் சீண்டவில்லை. 1986இல் இரண்டையும் சேர்த்துப் படித்து, இந்த நோய்க்கு மீன் எண்ணெய் உதவக்கூடும் என்று எழுதியவர் மருத்துவர் அல்லர். சிகாகோ பல்கலைக்கழகத் தகவல் அறிவியலாளர் டான் ஸ்வான்சன். அவருக்கு வேண்டியிருந்தது நூலகம் மட்டும்தான்.

ஆனால் எல்லோருக்கும் இப்படித் தொடர்பு தட்டுப்படுவதில்லை. படித்தது தானாக வந்து உதவுவது அரிது. உளவியலாளர்கள் மேரி கிக், கீத் ஹோலியோக் இருவரும் 1980இல் வெளியிட்ட சோதனையில் ஒரு புதிர்: வயிற்றில் கட்டி, அதை அழிக்கும் வலுவுள்ள கதிர் வழியிலுள்ள நல்ல திசுவையும் பொசுக்கிவிடும். பல திசைகளிலிருந்து வலுக்குறைந்த கதிர்களைக் கட்டியில் குவிப்பதுதான் விடை. உதவியின்றிக் கண்டுபிடித்தவர்கள் பத்தில் ஒருவர். படையைப் பிரித்துப் பல சாலைகளில் அனுப்பிக் கோட்டையைப் பிடித்த தளபதியின் கதையைச் சற்றுமுன் படித்தவர்களிலும் சுமார் 30 சதவீதத்தினரே விடைக்கு வந்தார்கள். ‘அந்தக் கதையை நினைத்துப் பாருங்கள்’ என்றதும் நான்கில் மூவர்!

காரணம், நினைவு மேற்பரப்பைப் பார்த்தே தேடுகிறது. கட்டி என்றால் மருத்துவம், கோட்டை என்றால் போர். உள்ளே ஓடும் ஒரே ஏற்பாடு அதன் கண்ணில் படுவதில்லை. அதே இருவரின் 1983ஆம் ஆண்டு ஆய்வு வழி காட்டியது: ஒரே ஏற்பாடுள்ள இரு கதைகளைப் படித்து ஒப்பிட்டு எழுதியவர்களில், ஒரு கதை மட்டும் படித்தவர்களைவிட அதிகமானோருக்கு விடை தட்டுப்பட்டது.

ஆகவே எத்தனை படித்தோம் என்பதைவிட ஒப்பிடுவது முக்கியம். ஒரு அத்தியாயம் முடிந்ததும் அதில் சொன்னது இயங்கும் விதத்தைத் துறைச்சொல் இல்லாமல் இரண்டு வரியில் எழுதுங்கள். உதாரணமாக: ‘அளவு மீறினால், அந்த மீறலே அதைக் குறைக்கும் வேலையைத் தொடங்கிவைக்கிறது.’ பிறகு அதே வரி பொருந்தும் இன்னொரு துறை உதாரணத்தைத் தேடிப் பக்கத்தில் எழுதுங்கள். பெயர்ச்சொற்களை மட்டும் குறித்துவைப்பவர்களுக்கு வினாடிவினாவில் பரிசு கிடைக்கலாம், அவ்வளவுதான்.

புதிய துறைக்குள் நுழையும்போது முதலில் பள்ளிப் பாடநூல் அளவிலான அறிமுகம் போதும். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. உளவியலாளர்கள் பிரான்ஸ்ஃபோர்டு, ஜான்சன் 1972இல் செய்த சோதனையில், துணி துவைப்பதை மறைமுகமாக விவரித்த பத்தி, தலைப்பை முன்பே சொன்னவர்களுக்கு நன்றாக நினைவில் நின்றது. படித்து முடித்தபின் தலைப்பைச் சொன்னபோது பயனில்லை. பின்னணி முன்னே வர வேண்டும். ஐம்பது சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் புரியவில்லையென்றால் அதைவிட எளிய நூலுக்கு மாறுங்கள்.

இலக்கியம் பற்றி ஒரு எச்சரிக்கை: சிறிது நேரம் இலக்கியத் தரமான புனைகதை படித்தாலே பிறர் மனதை ஊகிக்கும் திறன் கூடும் என்று 2013இல் வந்த பரபரப்பான முடிவு, பல மறுசோதனைகளில் நிற்கவில்லை.

அடிக்கடி நேரும் பிழை, ஒப்புமையை அளவுக்கு மீறி இழுப்பது. இஸ்திரிப்பெட்டியின் வெப்பக் கட்டுப்பாடும் உடலின் வியர்வையும் மேலே சொன்ன அதே வரிக்குள் அடங்கும். ஆனால் பெட்டி மின்சாரத்தை முழுதாக வெட்டும் அல்லது விடும். வியர்வையோ கூடிக் குறைந்து சுரக்கும். அந்த வேறுபாட்டையும் குறிப்பில் மூன்றாவது வரியாக எழுதிவிடுங்கள்.