தனிப்பயனாக்கமா, வாகாக்கமா?

போன வாரம் ராயபுரத்தில் அம்மாவின் புதுப் போனைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். அமைப்புகளில் 'தனிப்பயனாக்கு' என்று வந்ததும் விரலை எடுத்துவிட்டார். "இத அழுத்துனா எனக்கு மட்டும்னு ஆயிடுமாடா? சித்தியும் இதுலதானே பேசுவா?"

அம்மா படித்தது சரி. தனி, பயன், ஆக்கு என்று சேர்த்தால், ஒருவர் மட்டும் பயன்படுத்துவதாக ஆக்கு என்றுதான் பொருள் வரும். எழுத்தைப் பெரிதாக்குவதும் முகப்புப் படத்தை மாற்றுவதும் அதற்குள் எங்கே இருக்கின்றன?

ஆங்கிலத்தில் இது கஸ்டமைஸ். கஸ்டம் என்றால் வழக்கம்; லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். வழக்கமாக வாங்குபவர் கஸ்டமர், நம் வாடிக்கை, வாடிக்கையாளர் போல. அவர் அளவுக்குச் செய்து கொடுப்பது கஸ்டம். எம்.சி. ரோட்டில் ரெடிமேட் பேண்ட் வாங்கி, இடுப்பைப் பிடித்து, உயரம் குறைத்து ஆல்டர் செய்துகொள்கிறோமே, அந்த வேலைதான்.

பெரிய கோளாறு வேறு. அதே போனில் 'தனிப்பயனாக்கிய விளம்பரங்கள்' என்றும் இருக்கிறது. அது பெர்சனலைஸ்: நாம் எதைத் தேடினோம் என்று பார்த்து நிறுவனம் செய்வது. கஸ்டமைஸ், நாமே நம் கையால் செய்வது. யார் செய்கிறார்கள் என்பதுதான் வேறுபாடே. அதை ஒரே சொல் விழுங்கிவிடுகிறது. ஒரு எடுத்துக்காட்டு: ஆண்ட்ராய்டின் மூல நிரல், யாரும் எடுத்து மாற்றும்படி திறந்து வைக்கப்பட்டது. நாமும் முகப்புத் திரைக்கான லாஞ்சரையே மாற்றிப் போடலாம். ஐபோனில் வேறு நிறுவனத்தின் விசைப்பலகையைப் போட 2014 வரை, முகப்பில் விட்ஜெட் (கடிகாரம், வானிலை போன்றவற்றைக் காட்டும் கட்டம்) வைக்க 2020 வரை, ஐகானை நினைத்த இடத்தில் வைக்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதைச் சொல்ல 'ஐபோனில் தனிப்பயனாக்கம் குறைவு' என்று எழுதிப் பாருங்கள். விளம்பரத் தொல்லை குறைவு என்றே படிப்பார்கள். திரையைப் பார்க்காமல், சொற்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தால் இப்படித்தான் ஆகும்.

என் சொல் 'வாகாக்கு'. உடல்வாகு என்கிறோம், கைக்கு வாகாக இருக்கிறது என்கிறோம். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாகாக்கம், வாகாக்கிய திரை என்று வளைந்தும் கொடுக்கிறது. பெர்சனலைஸுக்கு 'ஆளுக்கேற்ற விளம்பரம்' போதும். வாகு பேச்சுச் சொல்லாயிற்றே என்று சிலர் தயங்குவார்கள். பட்டனை அழுத்தப்போவது பேசுகிற மக்கள்தானே, அப்புறம் என்ன?