கேவுரு மாவும் பீர்த் தொட்டியும்

காட்பாடியில் இருக்கும் என் அத்தை இன்றைக்கும் கேழ்வரகை, எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால் கேவுருவை, கடையில் மாவாக வாங்குவதில்லை. ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்து, வெள்ளைத் துணியில் இறுக்கிக் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு நாளில் முளை எட்டிப் பார்த்ததும் மொட்டைமாடி வெயிலில் உலர்த்துவார். பிறகு அதில் ஒரு பங்கை மணத்துக்காக வாணலியில் வறுத்து, இரண்டு பங்குகளையும் தனித்தனியே மாவு மில்லுக்கு அனுப்புவார். பெங்களூரில் என் தங்கை மகன் குடியிருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில், தானே பீர் காய்ச்சி விற்கும் மதுக்கூடம் ஒன்று அண்மையில் திறக்கப்பட்டது. காட்பாடியில் ரயிலேறிப் போயிருந்த நான், ஒரு மாலை முழுவதும் அங்கே நான்கு சிறு குவளைகளையும், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்ற எஃகுத் தொட்டிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பி, அந்தத் தொட்டிகளில் என்ன நடக்கிறது என்று விவரித்தபோது, "இதென்னடா, நம்ம கேவுரு முளைகட்டறா மாதிரிதானே இருக்குது, இதுக்குப் போயி அவ்ளோ காசா?" என்று அத்தை கேட்டார். காசைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால், அவர் சொன்னதில் முதல் பாதி அறிவியல்படி மிகச் சரி.

தானியம் என்பது முளைக்கருவுக்காகக் கட்டிவைத்த சோற்றுமூட்டை. மூட்டையில் இருப்பதோ மாவுச்சத்து. சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட அந்தப் பொருளை முளைக்கருவால் அப்படியே உண்ண முடியாது. ஆகவே, நீர் பட்டவுடன் முளைக்கரு ஜிபரலின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. அது தானியத்தின் உறைக்கு அடியிலுள்ள அலூரோன் படலத்தைச் சென்றடைந்ததும், அங்கே அமைலேஸ் என்ற நொதி உருவாகி, மாவுச்சத்துச் சங்கிலியை வெட்டத் தொடங்குகிறது. பீருக்கான பார்லியை ஏறத்தாழ நாற்பத்தைந்து சதவீதம் ஈரம் ஏறும்வரை ஊறவைத்து, 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் நான்கைந்து நாள் முளைக்க விடுகிறார்கள். நொதி போதிய அளவு உருவாகி, மாவுச்சத்து பெரும்பாலும் செலவாகாமல் இருக்கும் அந்தத் தருணத்தில் சூடான காற்றைச் செலுத்தி முளையை நிறுத்திவிடுகிறார்கள். இப்படி நிறுத்தப்பட்ட தானியத்துக்குத்தான் மால்ட் என்று பெயர். 1833 ஆம் ஆண்டில் பாயன், பெர்சோ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் மால்ட் ஊறிய நீரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து அதற்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். மனிதர் பிரித்தெடுத்த முதல் நொதி அதுவே. இன்று நொதிகளின் பெயர்கள் பலவும் 'ஏஸ்' என்று முடிவதற்கும் அந்தப் பெயரே முன்மாதிரி.

நொதியின் வேலையைக் காண்பதற்குத் தொட்டி எதுவும் தேவையில்லை. முளைகட்டாத கேவுரு மாவில் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, அடுப்பிலிருந்து இறக்கி, 65 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு, முளைகட்டி உலர்த்திய மாவில் ஒரு கரண்டியைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். சில நிமிடங்களில் கஞ்சி இளகி, கரண்டியிலிருந்து நூலாக ஒழுகத் தொடங்கும். அரை மணி நேரம் அதே சூட்டில் மூடி வைத்தால் சர்க்கரை சேர்க்காமலே நாக்கில் தித்திப்புத் தட்டும். குழந்தைகளுக்கு முளைகட்டிய மாவில் கஞ்சி கொடுப்பதற்கும் இதுவே காரணம்: அதிக மாவைச் சேர்த்தாலும் கஞ்சி விழுங்கும் பதத்தில் இருக்கும். அத்தை வீட்டில் இதைச் செய்தபோது முதல் முறை ஒன்றுமே நடக்கவில்லை, ஏனென்றால் நான் வறுத்த மாவை எடுத்துவிட்டேன். வாணலிச் சூட்டில் நொதி செத்துப்போயிருந்தது. பீர் காய்ச்சுவோருக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. காப்பி நிறத்தில் இருந்த எங்கள் நான்காவது குவளை ஸ்டவுட் வகை. அந்தக் கருமை 200 டிகிரிக்கு மேல் வறுத்த தானியத்திலிருந்து வருவது. அதில் நொதி இருக்காது என்பதால், அத்தனை கறுப்பான பீரிலும் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே வறுத்த தானியம் சேர்கிறது. மற்றதில் பெரும்பகுதி வெளிர்நிற மால்ட்தான்.

அரைத்த மால்ட்டை வெந்நீரில் கரைத்து ஒரு மணி நேரம் வைத்திருக்கும் கட்டத்தில்தான் பீரின் குணம் பாதி முடிவாகிவிடுகிறது. அமைலேஸில் இரண்டு வகை வேலையாட்கள் இருக்கிறார்கள். ஆல்பா வகை சங்கிலியை நடுவில் கண்ட இடத்தில் வெட்டும்; பீட்டா வகையோ ஓரத்திலிருந்து இரண்டிரண்டு கண்ணிகளாகக் கழற்றி, பின்னர் சேர்க்கப்போகும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் எளிதில் உண்ணும் மால்டோஸ் சர்க்கரையாக்கும். பீட்டாவுக்கு 62 முதல் 65 டிகிரி வரை உகந்தது, அதற்கு மேல் அது விரைவில் தளர்ந்துவிடும். ஆல்பா 70 டிகிரியைத் தாண்டியும் உழைக்கும். 63 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய எல்லாமே சர்க்கரையாகி, பின்னர் சாராயமாகி, வாயில் வறட்சியாக முடியும் பீர் கிடைக்கும். 69 டிகிரியில் வைத்தால் பாதி வெட்டப்பட்ட துண்டுகள் ஈஸ்ட்டுக்குச் சிக்காமல் தங்கி, பீருக்கு ஒரு கனத்தையும் வழவழப்பையும் கொடுக்கும். ஆறு டிகிரி வித்தியாசம் நம் சமையலறையில் யாரும் பொருட்படுத்தாத அளவு. அங்கே அது இரண்டு வெவ்வேறு பானங்கள். இந்தக் கரைசலை வடிகட்டுவதற்குப் பார்லியின் உமியே சல்லடையாகப் படிந்து உதவுகிறது. கேவுருவுக்கு அப்படி ஒட்டிய உமி கிடையாது என்பதால் அதன் கரைசல் சேறாக அடைத்துக்கொள்ளும். ஆப்பிரிக்காவில் கேழ்வரகு மால்ட்டில் காய்ச்சும் மரபான பீர் கலங்கலாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வடித்த இனிப்பு நீரை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, அதில் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களைச் சேர்க்கிறார்கள்; இந்தியாவில் அந்தக் கொடி இமாசலப் பிரதேசத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் வளர்கிறது. பூவின் பிசினில் உள்ள ஆல்பா அமிலங்கள் கொதிநிலையில் வடிவம் மாறி நீரில் கரைந்து கசப்பாகின்றன. கொதிக்காத பூ மணம் தரும், கசப்பை அவ்வளவாகத் தராது. அந்தக் கசப்புப் பொருள் பல பாக்டீரியாக்களை ஒடுக்கிவிடுவதோடு, நுரையிலும் பங்கெடுக்கிறது. பார்லியின் புரதமும் கசப்பு மூலக்கூறும் சேர்ந்து குமிழியின் சுவரில் படலமாக ஒட்டிக்கொள்வதால்தான், சோடாவின் நுரை நொடியில் அடங்கும்போது பீரின் நுரை நிமிடக்கணக்கில் நிற்கிறது. மிக்சர் தின்ற எண்ணெய் உதட்டோடு குவளையில் வாய் வைத்தால் அந்தப் படலம் கிழிந்து நுரை அமுங்கிவிடும். என் தங்கை மகனின் குவளையில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன்.

கொதித்த நீரைக் குளிர்வித்து ஈஸ்ட்டைச் சேர்த்த பிறகு, காய்ச்சுபவரின் கவலை முழுக்க முழுக்க வெப்பநிலையைப் பற்றியதாகிவிடுகிறது. வேலூரில் இட்லி மாவு புளிக்க வைக்கும் எவருக்கும் இந்தக் கவலை புரியும்: அக்னி நட்சத்திரத்தில் மாலையில் கரைத்த மாவு விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வழிந்து புளித்துப்போகும், மார்கழியில் அதே மாவு காலைவரை அசையாமல் கிடக்கும். மாவைப் பொங்க வைப்பவை பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள், பீரில் வேலை செய்வது ஈஸ்ட் என்பது மட்டுமே வேறுபாடு. ஈஸ்ட் ஒவ்வொரு குளுக்கோஸ் மூலக்கூறையும் இரண்டு எத்தனாலாகவும் (இதுதான் சாராயம்) இரண்டு கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. எடைக்கணக்கில் 180 கிராம் குளுக்கோஸிலிருந்து 92 கிராம் சாராயமும் 88 கிராம் வாயுவும் வரும். எவ்வளவு சர்க்கரை செலவானது என்பதை அளக்கும் கருவி பால்காரர்களைச் சோதிக்கும் லாக்டோமீட்டரின் உறவினர்தான். நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், தொடக்கத்தில் 1.048 காட்டிய கரைசல் முடிவில் 1.010 காட்டுமானால், பீரில் சாராயம் கொள்ளளவில் ஏறத்தாழ 5 சதவீதம்.

"மாமா, இந்த வாழப்பழ வாசனைக்கு எசென்ஸ் கலக்கறாங்களா?" என்று முதல் குவளையை மோந்து பார்த்துத் தங்கை மகன் கேட்டான். அது கோதுமை பீர். அதில் பழமும் இல்லை, எசென்ஸும் இல்லை. ஈஸ்ட் சாராயத்தோடு பக்க விளைவாக எஸ்டர்கள் என்னும் மணப்பொருள்களையும் உண்டாக்குகிறது, அவற்றுள் ஐசோஅமைல் அசிடேட் என்பது வாழைப்பழத்தின் மணத்துக்கும் உரிய அதே மூலக்கூறு. கோதுமை பீருக்கென்றே பழகிய ஈஸ்ட் வகை, தானியத்திலுள்ள ஃபெரூலிக் அமிலத்தை மாற்றி லவங்க மணமுள்ள இன்னொரு பொருளையும் தருகிறது. 20 டிகிரி அளவில் வைத்தால் இந்த மணங்கள் அளவாக இருக்கும். சூடு கூடக்கூட எஸ்டர் பெருகி, கூடவே தொண்டையை அறுக்கும் கன சாராயங்களும் சேர்ந்துவிடும். ஈஸ்ட் தன் வேலையில் தானே வெப்பத்தையும் வெளியிடுவதால், பெரிய தொட்டி கவனிப்பின்றி விடப்பட்டால் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கண்ட தொட்டிகளுக்கு இரட்டைச் சுவர் வைத்து, இடையில் குளிர்ந்த திரவத்தை ஓடவிடுவது அதற்காகத்தான். இரண்டாவது குவளையில் இருந்த தெளிந்த பொன்னிற லாகர் 8 முதல் 13 டிகிரிக் குளிரில் மெல்ல நொதிக்கும் வேறொரு ஈஸ்ட்டின் வேலை. 1883 இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் எமில் கிறிஸ்டியான் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய வளர்ப்பாகப் பெருக்கியது இந்த ஈஸ்ட்டைத்தான். அது ஒரு கலப்பினம் என்பது பின்னர் தெரியவந்தது. ஒரு பெற்றோர் ரொட்டியிலும் பழைய பீர்களிலும் காணப்படும் ஈஸ்ட். மற்றப் பெற்றோர் தென் அமெரிக்காவின் பட்டகோனியாக் காட்டு மரங்களில் வாழ்வது 2011 இல்தான் கண்டறியப்பட்டது.

பீரில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். செக் நாட்டின் பில்சன் நகரத்து நீர் மிக மென்மையானது, அங்கே 1842 இல் பிறந்த வெளிர் லாகர் அந்த மென்மைக்குப் பொருந்தியது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துக் கிணறுகளில் ஜிப்சம் கரைந்திருந்ததால் ஹாப்ஸின் கசப்பு கூர்மையாகத் தெரிந்தது. எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு படிவதைக் காணலாம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் கழிவு பாலாற்றுப் படுகையில் இறங்கியதால் உப்பும் ஏறிவிட்டது. அத்தகைய நீரை இன்று உப்பு நீக்கி, வேண்டிய உப்புகளை அளந்து மீண்டும் சேர்த்து, பில்சன் நீராகவோ பர்ட்டன் நீராகவோ மாற்ற முடியும் என்பதால், நதி கொடுத்த தனித்தன்மை இப்போது தராசு கொடுப்பதாகிவிட்டது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மூன்றாவது குவளையான இந்தியா பேல் ஏல் மிகுந்த கசப்புள்ளது. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய பீர்களின் நினைவாக அந்தப் பெயர். அதனோடு மிளகாய் தூக்கலான கோழி வறுவலைத் தின்றதில் வாய் பற்றி எரிந்தது. காரத்தைத் தணிக்கக் குடித்தது காரத்தை ஏற்றியது. மிளகாயின் கேப்சைசின் நாக்கிலுள்ள வெப்ப உணர்வி வாயிலைத் திறக்கிறது, அந்த வாயில் இயல்பாக 42 டிகிரிச் சூட்டில் திறப்பது. சாராயம் அதன் வாசற்படியை 34 டிகிரி அளவுக்கு இறக்கிவிடுவதால், நம் உடற்சூடே சுடுவதாகத் தோன்றும். கரியமில வாயு நாக்கில் அமிலமாகிக் குத்துவது அதன் மேல் இன்னொரு சுமை. கேப்சைசின் நீரில் கரையாது, பாலின் கேசின் புரதமோ அதைப் பற்றிக்கொண்டு கழுவிவிடும். ஆம்பூர் பிரியாணிக்கு எண்ணெய்க் கத்திரிக்காயோடு தயிர்ப் பச்சடியை வைத்தவர்கள் இந்த வேதியியலைப் படிக்காமலே கையாண்டிருக்கிறார்கள். கசப்பு பீருக்குப் பொருந்தியது உப்புப் போட்டு வேகவைத்த வேர்க்கடலைதான், ஏனெனில் உப்பின் சோடியம் கசப்பு உணர்வை மட்டுப்படுத்துகிறது. ஸ்டவுட்டுக்கு வறுத்த கடலை, ஏனெனில் இரண்டின் மணமும் சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் கூடி உருவாகும் ஒரே வகை வினையில் பிறந்தவை.

புறப்படும்போது ஒரு குடுவையில் அடைத்துத் தருவதாகச் சொன்னார்கள், நான் வேண்டாம் என்றேன். பெருநிறுவனப் பீர்போல அது சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டதல்ல. குளிர்பெட்டியில் சில நாள் தாங்கும் மணம், நாற்பது டிகிரி தொடும் காட்பாடி மே மாதத்தில் ஈர அட்டைப்பெட்டி வாசனையாகிவிடும். வெயிலில் வைத்தால் ஹாப்ஸ் கசப்பு ஒளியில் சிதைந்து கந்தக நாற்றம் தரும் என்பதால்தான் பீர்ப் புட்டிகள் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் இருக்கின்றன.

அத்தை வீட்டில் சோதனைக்குக் காய்ச்சிய தித்திப்புக் கஞ்சி அரைப் பாத்திரம் மீந்தது. கொதிக்கவும் விடவில்லை, ஹாப்ஸும் கிடையாது என்பதால், ஈஸ்ட் வந்து சேர்வதற்கு முன்பே லாக்டிக் பாக்டீரியாக்கள் அதில் குடியேறிவிட்டன. மறுநாள் காலையில் அது ஆடி மாதத்துக் கூழைப் போலப் புளித்திருந்தது. அத்தை அதை ஒரு கொதி கொதிக்க வைத்து ஆற்றி, மோர் ஊற்றிச் சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு எனக்கு ஒரு சொம்பு கொடுத்தார்.