குப்பிக்குள் இருப்பது லேபிளில் உள்ளதுதானா?

ஒரு சேர்மம் இலக்கு நொதியை முடக்கிவிட்டது என்று உயிரியல் பிரிவிலிருந்து செய்தி வந்தால், ஆய்வகத்தில் எல்லோருக்கும் தலைகால் புரியாது. எனக்கு வயிற்றைக் கலக்கும். முடக்கியது அந்தச் சேர்மம்தானா?

மருந்துத் தேடலின் தொடக்கத்தில் பயன்படும் சேர்ம நூலகங்களில் பல லட்சம் மாதிரிகள்கூட இருக்கும். பெரும்பாலும் டிஎம்எஸ்ஓ கரைப்பானில், 10 மில்லிமோலார் கரைசலாக, குளிரில். இந்தக் கரைப்பான் காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும்; 18.5 டிகிரி செல்சியசில் உறைந்தும் போகும். எடுத்து உருக்கி மீண்டும் உறையவைக்கும்போதெல்லாம் கொஞ்சம் நீர் உள்ளே போகிறது. சில சேர்மங்கள் அடியில் படிகின்றன, சில சிதைகின்றன. லேபிள் மட்டும் அப்படியே இருக்கும்.

இதைவிடத் தந்திரமானது, செய்யும்போதே ஒட்டிக்கொள்ளும் அழுக்கு. நான் செய்த ஒரு சேர்மம் 97 விழுக்காடு தூய்மை காட்டியது. நொதியையும் நன்றாகவே முடக்கியது. இரண்டு மாதங்களில் அதன் சாயலில் முப்பது சேர்மங்கள் செய்தோம். முடிவுகளில் தலையும் இல்லை, வாலும் இல்லை. கடைசியில் முதல் சேர்மத்தையே வேறு வழியில் செய்தேன். நொதி அசையவில்லை. பழைய மாதிரியில் உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் ஈடிடிஏ சேர்த்ததும் அதன் வீரமும் அடங்கியது. நைட்ரோ தொகுதியை ஒடுக்க நான் போட்ட துத்தநாகத் தூளின் மிச்சம்தான் அத்தனை நாளும் வேலை பார்த்திருக்கிறது! தூய்மையை அளந்த புறஊதாக் கருவிக்குத் துத்தநாகம் தெரியாது. 2013இல் ரோஷ் மருந்து நிறுவன ஆய்வாளர்கள் இதே குற்றவாளியைப் பற்றி எழுதியிருந்தார்கள். நாங்கள் படித்தது பிறகுதான்.

மூலக்கூறின் நிறையைக் காட்டும் நிறைமாலையும் ஏமாற்றும். ரத்தப் புற்றுநோய் மருந்தான போசுட்டினிப் என்ற பெயரில் பல விற்பனையாளர்கள் அதன் மாற்றியத்தை விற்றது 2012இல் வெளிவந்தது. ஒரு வளையத்தில் குளோரின் அணுக்களும் மெத்தாக்சி தொகுதியும் இடம் மாறியிருந்தன. மூலக்கூறு நிறை ஒன்றேதான். அதை வாங்கிச் செய்த ஆய்வுகள் எத்தனையோ கேள்விக்குறியாயின. புற்றுநோய்க்கு எதிராக ஆராயப்பட்ட டிஐசி10 என்ற சேர்மத்தின் கதை இன்னும் விசித்திரம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் சேர்மத் தொகுப்பிலிருந்து வந்தது அது. பதிவில் இருந்த நேர்கோட்டு மூவளைய அமைப்பை அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தினர் செய்துபார்த்தபோது செயல்பாடே இல்லை. குப்பியில் இருந்தது வளைந்த வடிவம் என்று 2014இல் அறிவித்தார்கள்.

ஆகவே, சேர்மம் வாங்கும் இளம் ஆய்வாளர்களே, உங்களுக்கு வரும் அந்தத் தயாரிப்புத் தொகுதிக்கே (பேட்ச்) உரிய, மூலக்கூறின் கட்டமைப்பைக் காட்டும் என்எம்ஆர் நிறமாலையைக் கேட்டு வாங்குங்கள். கட்டமைப்பு சிக்கலானது என்றால் எக்ஸ்-கதிர்ப் படிக ஆய்வு. நம்பிக்கை தரும் சேர்மத்தைத் தூளாகப் புதிதாய்ச் செய்து மறுபடி சோதியுங்கள், முடிந்தால் வேறு வினைவழியில். இரண்டு வாரம் வீண் என்று திட்டத் தலைவர்கள் முணுமுணுப்பார்கள். என்னிடம் அப்படிச் சொல்பவர்களுக்குக் குளிர்பெட்டியைத் திறந்து அந்த முப்பது குப்பிகளையும் காட்டுகிறேன்.