கல்லீரலுக்கு இப்போது மணி என்ன?

சென்னையில் இரவு ஷிப்டில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பகலில் ஏழு மணி நேரமாவது தூங்கிவிடுகிறேன். வீட்டுச் சாப்பாடுதான், அதுவும் அளவோடு. நடைப்பயிற்சி உண்டு, மூச்சுப் பயிற்சியும் உண்டு. அப்படியும் வயிறு உப்புசம், எடை கூடுகிறது, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. உணவு, தூக்கம், உடற்பயிற்சி, மனநிம்மதி எல்லாம் சேர்ந்ததுதான் முழு ஆரோக்கியம் என்கிறார்கள். எல்லாமே செய்கிறேன், எங்கே இடிக்கிறது?”

அவர் பட்டியலில் எவ்வளவு என்பது இருக்கிறது, எப்போது என்பது இல்லை. உடல்நலம் பற்றிய பெரும்பாலான அறிவுரைகளும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஆனால் நம் உடலில் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் மணி பார்த்துத்தான் வேலை செய்கிறது.

தூங்குமூஞ்சி மரம் சாயங்காலமானால் இலை மடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் குறைவதால் மடிகிறது என்றுதான் தோன்றும். 1729-இல் பிரான்ஸின் வானியலாளர் தெ மெரான், தொட்டாச்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டுக்குள் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாமலும் அது நேரத்துக்கு இலை விரித்தது, நேரத்துக்கு மூடியது. மனிதனும் அப்படித்தான். 1962-இல் மிஷேல் சிஃப்ர் என்ற இளைஞர் கடிகாரம் இல்லாமல் ஒரு குகைக்குள் இரண்டு மாதம் தங்கினார். செப்டம்பர் 14 அன்று அவரை வெளியே அழைத்தபோது, ஆகஸ்ட் 20 என்று நினைத்துக்கொண்டிருந்தார். நாள் கணக்கு அவ்வளவு தப்பியும், அவருடைய உடல் 24 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான சுற்றில் தூங்கி எழுந்துகொண்டுதான் இருந்தது.

நம் மதுரையிலும் இந்த வேலை நடந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் உயிர்க் கடிகார ஆய்வுக்கென்றே ஒரு குழுவை உருவாக்கினார். தன்னார்வலர்களை வெளியுலகத் தொடர்பே இல்லாத அறையில் பல நாள் தங்கவைத்து அவர்களின் தூக்க விழிப்பைக் குறித்தார்கள். ஜி. மாரிமுத்துவும் அவரும் குகைக்குள் கூண்டில் வௌவால்களை வைத்துப் பார்த்த ஆய்வு இன்னும் அழகு. இரவா பகலா என்றே தெரியாத இருட்டு. ஆனாலும் கூட்டத்திலுள்ள மற்ற வௌவால்கள் தினமும் வெளியே பறந்து திரும்பும்வரை, கூண்டு வௌவாலும் 24 மணி நேரக் கணக்கைப் பிடித்துக்கொண்டது. கூட்டமே இல்லாத குகையில் வைத்தபோது அதன் சுற்று மெல்ல நழுவி, சொந்தக் கணக்கில் ஓடத் தொடங்கியது. அதாவது கடிகாரம் உள்ளேதான் இருக்கிறது. வெளியுலகம் அதைத் தினமும் கொஞ்சம் திருத்துகிறது, அவ்வளவுதான்.

சரி, அந்தக் கடிகாரம் எதனால் ஆனது? 1971-இல் கலிபோர்னியாவில் கொனொப்காவும் பென்சரும் பழ ஈக்களில் மூன்று விசித்திர வகைகளைக் கண்டுபிடித்தார்கள். ஒன்றுக்கு நாள் 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28 மணி நேரம், மூன்றாவதற்கு நாளே கிடையாது. மூன்று கோளாறும் ஒரே மரபணுவில் இருந்தன! அதற்கு ‘பீரியட்’ என்று பெயர் வைத்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துக்காட்டிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் செல்லுக்குள் நடப்பதைப் பார்ப்போம். செல்லின் உட்கருவில் க்ளாக், பிமால்-1 என்ற இரண்டு புரதங்கள் ஜோடியாக டிஎன்ஏ மேல் உட்கார்ந்து, பெர் (ஈக்களில் பார்த்த ‘பீரியட்’டின் சுருக்கம்தான்), க்ரை என்ற மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. அவற்றின் ஆர்என்ஏ நகல் உட்கருவைவிட்டு வெளியே வருகிறது. வெளியே பெர் புரதமும் க்ரை புரதமும் தயாராகின்றன, மெல்லச் சேர்கின்றன, ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. போதுமான அளவு சேர்ந்ததும் உட்கருவுக்குள் திரும்பிப்போய், தங்களை உருவாக்கச் சொன்ன அந்த ஜோடியையே தடுத்து நிறுத்திவிடுகின்றன. புது உற்பத்தி நிற்கிறது. இருக்கிற பெர், க்ரை புரதங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. கடைசியில் தடுக்க ஆளில்லாமல் போக, ஜோடி மறுபடி வேலையைத் தொடங்குகிறது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் மிதவை மோட்டாரை நிறுத்துவதும், தண்ணீர் இறங்கியதும் மறுபடி போடுவதும் போலத்தான்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது அதன் நிதானம். ஒரு புரதத்தைத் தயாரிக்கச் செல்லுக்குச் சில நிமிடங்கள் போதும். இந்தச் சுற்று முழுவதுமே சில மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டும். அதை ஒரு நாள் முழுக்க இழுத்துப் பிடிப்பது எது? கேசீன் கைனேஸ் என்ற நொதி. அது பெர் புரதத்தின் மேல் பாஸ்பேட் துணுக்குகளை ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஓரிடத்தில் ஒட்டினால், ‘இதை அழித்துவிடு’ என்று செல்லுக்குச் சொன்னதாக அர்த்தம். வேறோர் இடத்தில் ஒட்டினால் அதே புரதத்துக்கு ஆயுள் கூடுகிறது. உருவாகும் வேகம், அழியும் வேகம் இரண்டுக்கும் நடக்கும் இந்த இழுபறியில் பெர் மெதுவாகத்தான் சேர முடிகிறது, மெதுவாகத்தான் கரைகிறது. அந்தத் தாமதம்தான் நம்முடைய ஒரு நாள்.

அது எவ்வளவு நுட்பமானது என்பதற்கு 2001-இல் ஓர் அமெரிக்கக் குடும்பத்தில் சான்று கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் பலர் மாலை ஏழரை வாக்கில் தூங்கிவிடுவார்கள், விடிகாலை நாலரைக்கெல்லாம் விழித்துவிடுவார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட பெர்-2 புரதத்தில், பாஸ்பேட் ஒட்டவேண்டிய இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. ஓர் எழுத்துப் பிழையால் ஒரு குடும்பத்தின் சாயங்காலமே முன்னுக்கு வந்துவிட்டது.

இந்தக் கடிகாரங்களுக்கெல்லாம் தலைமை மூளையில், கண் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு. மனிதர்களில் இதன் இயல்பான சுற்று சராசரியாக 24 மணி 10 நிமிடம் போல. ஆகவே தினமும் திருத்தம் தேவை. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட சில செல்கள் இருக்கின்றன. நீல ஒளியை நன்றாக உணரும் இவற்றின் முக்கிய வேலை, வெளிச்சம் இருக்கிறதா என்று அந்த முடிச்சுக்குச் சொல்வது. காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும், இரவு வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும்.

கல்லீரல், கணையம், குடல், தசை எல்லாவற்றிலும் இதே பெர், க்ரை சுற்று தனித்தனியாக ஓடுகிறது. இந்தக் கிளைக் கடிகாரங்கள் தலைமையின் பேச்சைக் கேட்கும், சாப்பாட்டு நேரத்தையும் கேட்கும். ஜெனீவாவில் உயிரியலாளர் ஷிப்லரின் குழு 2000-இல் இதைக் காட்டியது. இரவில் இரைதேடும் சுண்டெலிகளுக்குப் பகலில் மட்டும் உணவு கொடுத்தார்கள். சில நாட்களிலேயே கல்லீரல் கடிகாரம் தலைகீழாகத் திரும்பிவிட்டது. மூளைக் கடிகாரமோ வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு பழைய நேரத்தில் நின்றது. ஒரே உடம்புக்குள் இரண்டு நேரம்.

வாசகரின் சிக்கலும் இதுதான். அலுவலகம் போகும்போதும் வரும்போதும் வெயில் படுகிறது, லீவு நாளில் குடும்பத்தோடு பகலில் விழித்திருக்கிறார். மூளைக் கடிகாரம் முழுதாக இரவு வாழ்க்கைக்கு மாறுவதே இல்லை. நடு இரவில் சாப்பிடும் சாப்பாடு, வீட்டிலிருந்து கொண்டுபோனதே ஆனாலும், கணையத்தின் இரவு நேரத்தில் வந்து விழுகிறது. அந்த நேரத்தில் இரத்தத்தில், இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் ஏறியிருக்கும், அது இன்சுலின் சுரப்பைக் குறைக்கும். காலையில் சாப்பிட்டால் சீக்கிரம் இறங்கும் சர்க்கரை, அதே சாப்பாட்டுக்கு இரவில் அதிக நேரம் உயர்ந்தே நிற்கும். அளவோடு சாப்பிட்டும் பலனில்லாமல் போவது அதனால்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. ‘இரவு 1 முதல் 3 வரை கல்லீரல் கழிவை நீக்கும் நேரம், 3 முதல் 5 வரை நுரையீரல் நேரம்’ என்று ஓர் உறுப்புக் கடிகாரம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பார்க்க இதே அறிவியல் போலத் தெரியும், ஆனால் அந்த அட்டவணைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. விடிகாலையில் ஓசோன் இறங்குவதால் உடம்புக்கு நல்லது என்பதும் அப்படித்தான். தரைமட்ட ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். விடியலில் எழுவது நல்ல பழக்கம்தான், அதற்குப் பொய்க் காரணம் எதற்கு? மதுரைக் குகைகளில் வௌவால் பின்னால் போனவர்களின் வேலை பள்ளிப் பாடத்தில் இருந்திருந்தால் இந்தச் செய்திகள் இவ்வளவு தூரம் பரவியிருக்காது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட நாம் ஆராய்ச்சிக்குச் செலவிடுவதில்லை. ஈயையும் வௌவாலையும் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, நீரிழிவு மருத்துவர்கள் இன்று பேசும் ‘உணவு நேரம்’ அந்த ஈக்களில்தான் தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

வாசகர் என்ன செய்யலாம்? 2021-இல் அமெரிக்காவில் 19 பேரை வைத்து, இரவு வேலை போன்ற சூழலை ஆய்வகத்தில் உருவாக்கிப் பார்த்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு இரத்தச் சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் உயர்ந்தது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அப்படி உயரவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் செய்துபார்க்கக்கூடியது. வேலைக்குப் போகுமுன் ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரமாக முடித்துவிடுங்கள். நள்ளிரவில் மோர் அல்லது வெறும் தண்ணீர், தாங்காத பசி என்றால் கைப்பிடிச் சுண்டல். காலையில் வீட்டுக்கு வந்து கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, கெட்டித் திரை போட்ட அறையில் படுங்கள். வரும் வழியில் கூலிங் கிளாஸ் உதவும், ஆனால் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டாதீர்கள். லீவு நாளிலும் சாப்பாட்டு நேரத்தை ரொம்ப மாற்றாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும், டாக்டரிடம் கேட்காமல் இந்த நேர மாற்றத்தைத் தொடங்க வேண்டாம். சாப்பாட்டு இடைவெளி நீண்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும்.