குறைந்த எடை திரும்பினால்: இரண்டாம் அறுவை எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது

எடை குறைப்பு அறுவை செய்துகொண்டவருக்கு நான்கைந்து ஆண்டுகள் கழித்து எடை ஏறத் தொடங்கினால், அவர் முதலில் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிடுவார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் ஒரு மண்டபத்தில் கூட்டம் கூடினால் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். "என்ன கண்ணு, ஆபரேஷன் செய்தும் பழையபடி ஆகிவிட்டாயே?" என்று யாராவது ஒரு பெரியம்மா பிரியாணித் தட்டோடு வந்து கேட்பார். அவருக்கு அது அக்கறை. கேட்கப்பட்டவருக்கு அன்றைய சாப்பாடு அதோடு முடிந்தது. அடுத்து அவர் போய் நிற்கும் இடம் அறுவை நிபுணரின் அறை. "இரைப்பை விரிந்துவிட்டது, இன்னொரு முறை சுருக்கித் தைத்துவிடுங்கள்" என்பார்.

இரைப்பை ஒரு பை, சின்னதாக்கினால் மெலியலாம், பெரிதானால் பருக்கும் என்ற கணக்கு இந்தக் கோரிக்கைக்குள் இருக்கிறது. அது பாதிதான் உண்மை. மறு அறுவைக்குப் போய் ஏமாறுகிறவர்களில் பலர் அந்தப் பாதியை முழுதாக நம்பியவர்கள்.

இந்த அறுவை பிறந்த கதையிலேயே மீதிப் பாதிக்கான தடயம் இருக்கிறது. அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டியெடுத்த நோயாளிகள் மெலிந்தே இருப்பதை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக அறுவை நிபுணர் எட்வர்ட் மேசன் கவனித்தார். 1966இல் அதையே பருமனுக்கு மருந்தாக்கினார். அதுதான் இரைப்பை பைபாஸ். (பைபாஸ் என்றதும் நம்மவர்கள் நெஞ்சில் கை வைப்பார்கள். இது வயிற்றில் செய்வது.) மேல் இரைப்பையில் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு அறை ஒன்றைப் பிரித்து, சிறுகுடலை மேலே இழுத்து அதில் இணைப்பார்கள். பழைய இரைப்பையும் குடலின் முதல் பகுதியும் உள்ளேயே இருக்கும், ஆனால் உணவு அந்த வழியாகப் போகாது. இன்று உலகில் அதிகம் செய்யப்படும் ஸ்லீவ் அறுவையில் குடலைத் தொடுவதில்லை. இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி வெளியே எடுத்துவிட்டு, நீளக் குழாய் போல ஒரு பகுதியை மட்டும் விடுவார்கள்.

மேசன் காலத்தில் எல்லோரும் இடக்குறைவால்தான் எடை குறைகிறது என்று நினைத்தார்கள். 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். பசியைக் கிளப்பும் அந்த ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்முகட்டில் சுரக்கிறது. ஸ்லீவ் அறுவையில் வெளியே போவது அந்த முகடுதான். பைபாஸில் நடப்பது வேறு. முழுதாகச் செரிக்காத உணவு சீக்கிரமே கீழ்க்குடலை எட்டுவதால் ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். என்ற ஹார்மோன்கள் பல மடங்கு சுரந்து, "போதும்" என்று மூளைக்குச் சொல்கின்றன. அறுவை முடிந்து சில நாட்களிலேயே, எடை குறையும் முன்பே, பல நோயாளிகளின் சர்க்கரை இறங்குவதற்கும் இதில் பங்கு உண்டு. ஆக, அறுவை வயிற்றைச் சுருக்குவதோடு மூளைக்கும் குடலுக்கும் இடையிலான பேச்சையும் மாற்றுகிறது. அந்தப் பேச்சு பழைய நிலைக்குத் திரும்பும்போது வயிற்றை மட்டும் இறுக்கித் தைத்தால் கிடைக்கும் பலன் சொற்பம்.

எடை எவ்வளவு திரும்பினால் "திரும்பிவிட்டது" என்று சொல்வது? ஸ்வீடனில் 1987இல் தொடங்கி நீண்ட காலம் நடந்த ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீதம் எடை இழந்தார்கள். பத்தாவது ஆண்டில் அது 25 சதவீதமாக நின்றது. 130 கிலோவில் தொடங்கியவர் 88 வரை இறங்கி, பிறகு 97, 98க்கு ஏறியிருப்பார். அது தோல்வி அல்ல, சராசரி. அவரே 99இல் நின்றால்? இழந்த 42 கிலோவில் 11 திரும்பியிருக்கிறது, கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். ஒரு வரையறைப்படி அவர் "எடை திரும்பியவர்". மிகக் குறைந்த எடையில் 15 சதவீதத்துக்கு மேல் ஏறவேண்டும் என்ற இன்னொரு வரையறைப்படி அவர் திரும்பாதவர். இதை ஏன் இழுத்து எழுதுகிறேன் என்றால், இப்படி ஐந்தாறு கிலோ ஏறியதற்கே இரண்டாம் அறுவை கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை தராசை விட்டுக் கொஞ்சம் விலகி நிற்பது.

சராசரியைத் தாண்டி ஏறியவர்களுக்கு வருவோம். முதல் வேலை உள்ளே பார்ப்பது. பைபாஸ் செய்தவரின் தொண்டை வழியாக எண்டோஸ்கோபிக் கருவி இறங்கினால், உணவுக்குழாய் முடிந்த உடனே அந்தச் சிறிய அறை தெரியும். அதன் அடியில் குடலுக்குள் திறக்கும் வட்டமான வாய். அறுவையின்போது அதைப் பெரும்பாலும் 10, 12 மில்லிமீட்டர் அகலத்துக்குத்தான் வைத்திருப்பார்கள். மருத்துவர் அளவு தெரிந்த சிறு இடுக்கியைத் திறந்து, அந்த வாயின் விளிம்பருகே பிடித்து ஒப்பிட்டுப் பார்ப்பார். 20, 25 மில்லிமீட்டர் என்றால் வாய் விரிந்திருக்கிறது, சோறு தங்காமல் நழுவுகிறது. சிலருக்குச் சிறிய அறைக்கும் ஒதுக்கிவைத்த பழைய இரைப்பைக்கும் இடையே ஒரு கள்ளவழி உருவாகியிருக்கும். உணவு பழைய பாதையில் போகத் தொடங்கியிருக்கும். பேரியம் போன்ற மருந்தைக் குடிக்கச் சொல்லி எடுக்கும் எக்ஸ்ரேயில் இது தெரியும். இது கண்டிப்பாக அறுவைக்குரிய கோளாறு. ஸ்லீவ் செய்தவர்களுக்கு மேல்முகட்டில் ஒரு பகுதி வெட்டப்படாமல் தங்கியிருக்கலாம், குழாயே காலப்போக்கில் அகன்றிருக்கலாம். பழைய காலத்து இரைப்பைப் பட்டை (இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி இறுக்கும் வளையம்) போட்டவர்களுக்குப் பட்டை நழுவியிருக்கலாம்.

உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தும் எடை ஏறியவர்கள் கணிசமாக உண்டு. அங்கேதான் கேள்விகள் சுவாரசியமாகின்றன.

எதைச் சாப்பிடுகிறார் என்பது எவ்வளவு என்பதைப் போலவே முக்கியம். வறுத்த கோழித் துண்டு சிறிய அறையில் தங்கி நிறைவு தரும். ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்றும் சோளமாவுக் கூழும், குழைந்த பருப்புச் சோறும், சர்க்கரை போட்ட தேநீரும், கிரீம் சோடாவும் தங்குவதில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிண்ணம் என்று நாள் முழுக்க உள்ளே போகும், வயிறு ஒருபோதும் நிறையாது. புரட்டாசியில் இது இன்னும் கடினம். டர்பன் தமிழர்கள் அந்த மாதம் முழுக்க மரக்கறிதான். முட்டையும் விலக்கு. அறுவை செய்தவருக்கு ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். தயிர், சோயா, பயறு என்று திட்டமிட்டுச் சாப்பிட்டால் அது முடியும். ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் என்று ஓட்டினால் முடியாது. விரதத்தை விடச் சொல்லவில்லை, முன்கூட்டியே உணவியலாளரிடம் பேசச் சொல்கிறேன்.

பலரும் பேராசை என்று தப்பாக நினைக்கும் ஒரு விஷயமும் உண்டு. பைபாஸுக்குப் பிறகு இனிப்பு குடலுக்குள் சட்டென்று இறங்கினால் சர்க்கரை மேலேறும், இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்கும். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை விழுந்துவிடும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். அப்போது எவரும் செய்வதைத்தான் இவரும் செய்வார்: இனிப்பாக எதையாவது வாயில் போடுவார். சரியாகிவிடும், மூன்று மணி நேரம் கழித்து மறுபடி விழும். இந்தச் சுழலில் ஒருவர் மாதக்கணக்கில் சிக்கியிருந்தால் எடை ஏறாமல் என்ன செய்யும்? இதற்கு முதல் மருந்து மாவையும் சர்க்கரையையும் குறைத்துப் புரதத்தைக் கூட்டுவது. கத்தி அப்புறம்தான்.

மருந்துச் சீட்டையும் பார்க்கவேண்டும். இன்சுலின், ஸ்டீராய்டு, மனநோய்க்கான சில மாத்திரைகள், மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் எடையை ஏற்றும். தைராய்டு குறைந்திருக்கலாம். மாதவிடாய் நின்ற வயதாக இருக்கலாம்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் உடம்பு தன் பழைய எடையை விட்டுக்கொடுக்காது. எடை குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட அமெரிக்கர்கள் 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. ஆனாலும் ஓய்வில் அவர்கள் உடம்பு எரித்த கலோரி, அவர்களின் எடைக்கு எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 குறைவாகவே இருந்தது. அவர்கள் அறுவை செய்தவர்கள் அல்ல, உணவும் பயிற்சியும்தான். அறுவை இந்தத் தற்காப்பை மழுங்கச் செய்கிறது, ஒழித்துவிடுவதில்லை. "நாக்கைக் கட்டத் தெரியாதவள்" என்று சொல்லும் பெரியம்மாக்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

சரி, மறு அறுவை என்று முடிவானால் என்ன செய்வார்கள்? ஸ்லீவை பைபாஸாக மாற்றுவதுதான் பெரும்பாலும் முதல் தேர்வு. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இது கைமேல் பலன் தரும். ஸ்லீவ் குழாய்க்குள் அழுத்தம் அதிகம், அமிலம் மேலே எதுக்களிக்கும். ஸ்விட்சர்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் ஐந்து ஆண்டுகள் ஒப்பிட்ட ஆய்வில், ஸ்லீவ் செய்தவர்களில் 31.8 சதவீதத்தினருக்கு எதுக்களிப்பு மோசமானது. பைபாஸில் 6.3 சதவீதம்தான். எடைக்காக மட்டும் ஸ்லீவிலிருந்து பைபாஸுக்கு மாறுகிறவர்கள் முதல் முறை பார்த்த சரிவை எதிர்பார்க்கக் கூடாது. என்னைக் கேட்டால், இரவில் தொண்டை வரை அமிலம் வந்து எழுந்து உட்காருகிறவருக்கு மறு அறுவையைத் தயங்காமல் சொல்வேன். பத்து கிலோவுக்காகக் கேட்பவரை யோசிக்கச் சொல்வேன்.

எடை கூடுதலாகக் குறையவேண்டும் என்றால் குடலில் இன்னும் நீளத்தைத் தவிர்க்கவேண்டும். உணவும் செரிமானச் சாறுகளும் கடைசி மூன்று மீட்டர் குடலில் மட்டும் சந்திக்கும்படி இணைக்கும் முறை உண்டு. எடை நன்றாகவே இறங்கும். அதற்கு விலையும் உண்டு: வயிற்றுப்போக்கு, புரதக் குறைபாடு, இரும்பும் வைட்டமின் ஏ, டி சத்துகளும் உடம்பில் சேராமை. வாழ்நாள் முழுக்க மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும். மாத்திரையை ஒழுங்காகப் போடாதவருக்கு இதைச் செய்வது ஆபத்து.

மென்மையான வழி, விரிந்த வாயை எண்டோஸ்கோபி மூலமாகவே தைத்துச் சுருக்குவது. வெளியே வெட்டு இல்லை. உண்மையான தையலையும் பொய்த் தையலையும் ஒப்பிட்ட 2013 ஆய்வில், தைத்தவர்கள் ஆறு மாதத்தில் 3.5 சதவீதம் எடை இழந்தார்கள். தைக்காதவர்கள் 0.4 சதவீதம். சுவரின் முழுத் தடிமனையும் பிடித்துத் தைக்கும் புதிய கருவிகள் இதைவிட நன்றாகச் செய்கின்றன. ஆனாலும் நம் 99 கிலோக்காரர் இதை நம்பி மறுபடி 88க்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடக்கூடாது.

எல்லா மறு அறுவைக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. ஒரு முறை திறந்த வயிற்றுக்குள் தழும்புத் திசு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பிணைத்திருக்கும். கல்லீரலின் அடியிலிருந்து இரைப்பையைப் பிரிப்பது, மழையில் நனைந்து காய்ந்த புத்தகத்தின் பக்கங்களைக் கிழியாமல் பிரிக்கிற வேலை. இரத்த ஓட்டமும் முன்போல் இருக்காது. அதனால் இணைப்பு கசிவது உட்பட எல்லாச் சிக்கல்களும் முதல் அறுவையைவிட அதிகம். இதை அடிக்கடி செய்யும் கைகளிடம்தான் போகவேண்டும். "எத்தனை மறு அறுவை செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

இப்போது இடையில் மருந்துகள் வந்து வரிசையையே மாற்றிவிட்டன. அறுவைக்குப் பிறகு எடை போதுமான அளவு குறையாத 70 பேரிடம் லண்டனில் லிராக்ளூடைட் ஊசியைச் சோதித்தார்கள். 2023இல் வந்த முடிவு: 24 வாரத்தில் ஊசி போட்டவர்கள் 8.8 சதவீதம் இழந்தார்கள். வெற்று மருந்து பெற்றவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. அதன் பின்வந்த செமாக்ளூடைட், டிர்செபடைட் இன்னும் வலுவானவை, தென்னாப்பிரிக்காவிலும் கிடைக்கின்றன. பைபாஸ் குடலைக்கொண்டு பெருக்கும் அதே ஜி.எல்.பி.-1 செய்தியைத்தான் இவையும் வெளியிலிருந்து கொடுக்கின்றன. அமைப்பில் கோளாறு இல்லாதவருக்கு முதலில் ஊசி, பிறகே கத்தி என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும் என்பதும், மாதா மாதம் பணம் கட்டவேண்டும் என்பதும் உண்மைதான்.

பணம் என்றதும், மாதச் சந்தா கட்டிச் சேரும் மருத்துவத் திட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பல திட்டங்களில் பருமனுக்கான அறுவை விலக்குப் பட்டியலில் இருக்கிறது, அல்லது கடும் நிபந்தனையோடு வருகிறது. எதுக்களிப்பு, குறுகல், கள்ளவழி போன்ற காரணம் ஆவணத்தோடு இருந்தால் விண்ணப்பம் வேறு கண்ணால் பார்க்கப்படலாம். நம் இனத்தவருக்கு இன்னொரு செய்தியும் உண்டு. 2022இல் எடை குறைப்பு அறுவைக்கான அமெரிக்க, உலகச் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டல், ஆசிய வம்சாவளியினருக்கு பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் கணக்கிடும் எண்) 27.5இலிருந்தே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் வந்துவிடுகிறது என்பதே காரணம். மறு அறுவை வேண்டுமா என்று பார்க்கும்போதும் தராசைவிடச் சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி ஆகியவை திரும்பியிருக்கின்றனவா என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும்.

கடைசியாக ஒரு காகிதம். முதல் அறுவையின் குறிப்பு இல்லாமல் எந்த நிபுணரும் இரண்டாவதைத் திட்டமிட விரும்பமாட்டார். எவ்வளவு குடல் தவிர்க்கப்பட்டது, எங்கே இணைக்கப்பட்டது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். தென்னாப்பிரிக்காவில் நோயாளி வருவது நின்ற பிறகு மருத்துவப் பதிவுகளைக் குறைந்தது 6 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்பதுதான் விதி. பத்தாண்டு கழித்துக் கேட்டால் அது இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அறுவை செய்து எடை நன்றாகக் குறைந்து மகிழ்ச்சியாக இருப்பவர்களும் இந்த வாரமே மருத்துவமனைக்கு எழுதி அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.