கடலுக்கு என்ன காய்ச்சலா? ‘முன்சிகிச்சை’ என்ற சொல்லைப் பற்றி

கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டம் பற்றிய தமிழ் அறிக்கை எதைப் புரட்டினாலும் ‘கடல்நீருக்கு முன்சிகிச்சை அளிக்கப்படும்’ என்றொரு வரி இருக்கும். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இந்தத் தொழில்நுட்பம் புதிதும் அல்ல. நரிப்பையூரில் நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள நிலையம் 1990களின் கடைசியிலேயே வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் சொல் மட்டும் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரவில்லை.

உப்பைப் பிரிக்கும் முன் கடல்நீரைத் தயார் செய்வதை ஆங்கிலத்தில் ‘ப்ரீட்ரீட்மென்ட்’ என்பார்கள். அதை அப்படியே பெயர்த்ததால் வந்த வினை. ‘ட்ரீட்’ லத்தீனில் இழுப்பது, கையாள்வது என்ற பொருளில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். நோயாளியைக் கையாண்டால் சிகிச்சை, விருந்தாளியை என்றால் உபசாரம், தோலை என்றால் பதனிடல். மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதல் பொருளோடு நின்றுவிட்டார். வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

சிகிச்சையைச் சிரித்துவிட்டு விடலாம். அதற்குப் பதிலாகச் சொல்லப்படும் ‘முன்சுத்திகரிப்பு’ அப்படியல்ல, சரியான சொல் மாதிரியே இருந்து ஏமாற்றுகிறது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்று ஊரெல்லாம் பலகை தொங்குகிறதே, இதற்கு மட்டும் ஏன் ஆகாது என்பார்கள். உள்ளே நடப்பதைப் பார்த்தால் தெரியும். உறிஞ்சிய கடல்நீரில் குளோரின் கலந்து நுண்ணுயிரைக் கொல்கிறார்கள். பெர்ரிக் குளோரைடு போட்டுக் கலங்கலைத் திரள வைத்து, மணலும் ஆந்த்ரசைட் கரியும் அடுக்கிய வடிகட்டி வழியாக விடுகிறார்கள். கடைசியில் 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் வடிகட்டி. அடுத்த கட்டத்தில் உப்பைப் பிரிக்கப்போவது பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் சவ்வு, அதற்குக் குளோரின் ஆகாது. அதனால் போட்ட குளோரினை சோடியம் பைசல்பைட் விட்டுத் திரும்ப எடுக்கிறார்கள். இவ்வளவும் முடிந்த பிறகும் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு அப்படியே இருக்கிறது, வாயில் வைக்க முடியாது. இதற்கா சுத்திகரிப்பு என்று பெயர்? தனித்தமிழ்க்காரர் ‘சுத்தி’யை எடுத்துவிட்டுத் ‘தூய்மை’யை வைத்தாலும் பிழை பிழைதான்.

வேலை முழுக்கச் சவ்வுக்காக நடக்கிறது. சுமார் 60 பார் அழுத்தத்தில் நீரைத் தள்ளும்போது சேறு அப்பும், சுண்ணாம்பு உப்புகள் காரை கட்டும், பாக்டீரியா வழுவழுவென்று படலம் விரிக்கும். நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் ‘மெம்பரேன் சோக் ஆயிருச்சு’ என்பார்கள். அறிக்கைக்காரர் ‘சவ்வு மாசுபடுதல்’ என்கிறார். படிப்பவர் குழாயில் வரும் தண்ணீர் கெட்டுப்போனதாக எண்ணிப் பயப்படுவார். முதலில் நடப்பதோ, வரத்து குறையும், அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், மின்கட்டணம் ஏறும். துரு பிடிக்கிறது, வல்லத்தின் அடியில் கொட்டலசு என்ற ஓட்டுப்பூச்சி பிடிக்கிறது என்று பேசும் கரையில் ‘சவ்வில் படிவு பிடித்தல்’ என்று எழுத என்ன கஷ்டம்?

நீர் தயாரா என்று சோதிப்பதும் இதற்குச் சாட்சி. 47 மில்லிமீட்டர் அகலமுள்ள வெள்ளை வட்டத்தாள், 0.45 மைக்ரான் துளை. அதன் வழியாக 15 நிமிஷம் நீரைச் செலுத்தி, ஓட்டம் எவ்வளவு மந்தப்படுகிறது என்று கணக்கிடுவார்கள். எஸ்டிஐ (சில்ட் டென்சிட்டி இண்டெக்ஸ்) என்ற அந்த எண் 5க்குக் கீழே வர வேண்டும், 3க்குக் கீழே என்றால் நிம்மதி. தாள் செம்பழுப்பாக வந்தால் பெர்ரிக் கூடிப்போயிருக்கலாம். இதற்குத் தமிழில் பதம் பார்ப்பது என்று பெயர்.

ஆகவே முன்பதப்படுத்தல். சாயல்குடிப் பக்கம் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டுகிறார்கள். சாறு புளித்துக் கள்ளாகாமல் பதநீராகிறது. சுண்ணாம்பு சாற்றைச் சுத்திகரித்தது என்று எந்தப் பனையேறியும் சொல்லமாட்டார். அடுத்த வேலைக்கு ஏற்ற நிலைக்குக் கொண்டுவருவதுதான் பதம். மீன் பதப்படுத்தலோடு குழம்பிப்போகும் என்று ஆட்சேபம் சொல்வார்கள். குழம்பாது, ‘முன்’ எதற்கு இருக்கிறது?

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் கரைப்பக்கம் ஒருமுறையாவது வந்து கேட்டிருக்கலாம். 2019 செப்டம்பரில் பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியது. இப்படிப் பாசி பெருகினால் முன்பதப்படுத்தலே திணறும். 2008இல் பாரசீக வளைகுடாவில் செம்பாசி பெருகி நிலையங்களையே நிறுத்த வேண்டி வந்தது. அறிக்கையில் இதற்குப் பெயர் ‘பாசி மலர்ச்சி’. மீனவர்கள் எப்போதோ வைத்த பெயர் பூங்கோரை.