ஈக்விட்டி: சமத்துவம் இல்லை, ஒப்புரவு

சில காலம் முன்பு ஒரு மொழிபெயர்ப்பு வேலை வந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆசிரியர்களை உருவாக்கும் துறையில் பல காலம் பணியாற்றிய ஒரு பேராசிரியரைப் பற்றிய குறிப்பு. இரண்டே பக்கம், ஒரு மதியத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'ஈக்விட்டி' வந்த இடத்தில் எல்லாம் 'சமத்துவம்' என்று போட்டுக்கொண்டே போனவன் மூன்றாவது பத்தியில் மாட்டிக்கொண்டேன். 'ஈக்வாலிட்டி வேறு, ஈக்விட்டி வேறு என்பதே அவருடைய வகுப்பின் முதல் பாடம்' என்று மூலத்தில் இருந்தது. என் கைவண்ணத்தில் அது 'சமத்துவம் வேறு, சமத்துவம் வேறு' என்று வந்து நின்றது.

சரி, அகராதியைப் பார்ப்போம் என்றால் நேர்மை, நியாயம், நடுநிலை, சமநீதி என்று ஒரு கூட்டமே நிற்கிறது. எதை எடுத்தாலும் ஒரு பக்கம் பொருந்துகிறது, மறுபக்கம் இடிக்கிறது. சொல் எங்கிருந்து கிளம்பியது என்று பார்க்காமல் இதற்கு வழியில்லை.

ஈக்வாலிட்டி, ஈக்விட்டி இரண்டுக்கும் தாய் ஒன்றுதான்: லத்தீனில் மேடுபள்ளம் இல்லாத சமதளத்தைக் குறித்த 'அய்க்வுஸ்'. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதால்தான் ஆங்கிலத்திலேயே இவ்வளவு குழப்பம். ஆனால் ஈக்விட்டிக்குப் பின்னால் ஒரு கிரேக்கக் கருத்தும் வந்து சேர்ந்துகொண்டது. அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலில் 'எபியெய்கெயா' என்ற ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். சட்டம் எப்போதும் பொதுவாகத்தான் பேச முடியும். அந்தப் பொதுமை ஒரு தனி நேர்வில் தவறிப்போகும்போது அதைத் திருத்துவதற்கு அவர் வைத்த பெயர் அது. அதற்கு அவர் காட்டும் உவமை எனக்கு மிகவும் பிடிக்கும். லெஸ்போஸ் தீவின் கட்டடக்காரர்கள் ஈயத்தால் ஆன அளவுகோல் ஒன்றை வைத்திருந்தார்கள். கல் எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே அதுவும் வளைந்துகொடுக்கும். கரடுமுரடான கல்லின் மேல் விறைப்பான கோலை வைத்தால் இடைவெளிதான் தெரியும். ஈயக்கோல் கல்லோடு ஒட்டிக் கிடந்து அதன் அளவைச் சொல்லும்.

இந்த இடத்தில்தான் 'நடுவுநிலைமை' கழன்றுகொள்கிறது. குறளில் அந்த அதிகாரத்துக்கு உவமை துலாக்கோல். ஒரு பக்கம் சாயாமல் இருப்பதுதான் அதற்கு அழகு. அது சாயாத கோல், இது வளையும் கோல். நீதிபதிக்குத் துலாக்கோல் போதும். முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும் ஆசிரியருக்கு ஈயக்கோலும் வேண்டும்.

'நேர்மை' எப்படி வந்தது என்பது ஒரு கிளைக்கதை. இங்கிலாந்தில் வழக்கமான நீதிமன்றங்களின் விறைப்பால் பாதிக்கப்பட்டவர்கள் மன்னரின் உயர் அதிகாரியான சான்சலரிடம் முறையிடுவார்கள். கடனுக்கு நிலத்தை ஈடு வைத்தவர் தவணை நாளைத் தவறவிட்டால் அந்த வழக்கமான நீதிமன்றங்களின் பொதுச்சட்டப்படி நிலம் போயிற்று. சான்சலரின் நீதிமன்றம் மட்டும் 'இது அநியாயம், தாமதமானாலும் பணத்தைக் கட்டி மீட்டுக்கொள்ளட்டும்' என்றது. அந்த மீட்கும் உரிமைக்கே ஈக்விட்டி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து, கடன் போக ஒரு சொத்தில் உரியவருக்கு மிஞ்சும் மதிப்பு ஈக்விட்டி ஆயிற்று. அங்கிருந்து பங்குச்சந்தைக்குப் போயிற்று. நம் வணிகவியல் பாடநூல்கள் அதைப் பிடித்து 'நேர்மைப் பங்கு' என்று மொழிபெயர்த்தன. பங்கில் என்ன நேர்மை, மற்ற பங்கெல்லாம் நேர்மையற்றதா என்று எத்தனை மாணவர்கள் விழித்தார்களோ. அங்கே வெறும் 'பங்கு' போதும்; இந்தக் கட்டுரைக்கு அது தேவையில்லை.

கல்விக்கு வருவோம். ஒரே மாதிரி நடத்துவது போதாது என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974-இல் லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில் சொன்னது. சான்பிரான்சிஸ்கோவில் சீன மொழி பேசும் பிள்ளைகள் சுமார் 1,800 பேர் ஆங்கிலம் புரியாமல், கூடுதல் மொழி உதவி எதுவும் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அதே கட்டடம், அதே புத்தகம், அதே ஆசிரியர், அதே பாடத்திட்டம் கொடுத்துவிட்டோமே என்பது நிர்வாகத்தின் வாதம். ஆங்கிலம் புரியாத பிள்ளைக்கு இதெல்லாம் ஒன்றாக இருந்து என்ன பயன், அது சமமாக நடத்துவது ஆகாது என்றது தீர்ப்பு. ஈக்விட்டி என்ற சொல் கல்வியில் என்ன வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்த வழக்கைத்தான் சொல்வேன்.

தீர்ப்பு வந்துவிட்டால் போதுமா? நாளைக் காலை வகுப்புக்குள் போகும் ஆசிரியருக்கு இதை யார் கற்றுக்கொடுப்பது? அந்தக் கேள்வியைப் பிழைப்பாகவே எடுத்துக்கொண்டவர்கள்தான் இந்தத் துறையின் அறிஞர்கள். குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் அவர்களில் முக்கியமானவர். பிலடெல்பியாவில் பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்று, பிறகு விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர். இந்தத் துறையில் பலருடைய பாதையும் ஏறக்குறைய இதுதான்: முதலில் வகுப்பறை, அப்புறம் ஆய்வு, அப்புறம் ஆசிரியர்களுக்கு ஆசிரியர். வகுப்பறையில் நிற்காதவர் சொல்வதை வருங்கால ஆசிரியர்கள் எளிதில் நம்ப மாட்டார்கள், அது நியாயம்தானே.

கறுப்பினப் பிள்ளைகளுக்கு என்ன குறை என்று எல்லோரும் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அவர்களுக்கு நன்றாகக் கற்பிக்கும் ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார் லாட்சன்-பில்லிங்ஸ். பெற்றோர்களிடமும் தலைமையாசிரியர்களிடமும் கேட்டுத் தேர்ந்தெடுத்த எட்டு ஆசிரியர்களின் வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். அவர் எழுதிய காட்சிகளில் ஒன்று: கவிதையை நேசிக்கும் ஓர் ஆசிரியை, பிள்ளைகளுக்குப் பிடித்த ராப் பாட்டு வரிகளைக் கொண்டுவரச் சொல்கிறார். அவற்றைத் திரையில் காட்டி நேர்ப்பொருள் எது, உட்பொருள் எது, இயைபு எங்கே, மோனை எங்கே என்று அவர்களையே தேட வைக்கிறார். அங்கிருந்து வழக்கமான கவிதைக்குப் போகிறார். எல்லாப் பிள்ளைகளும் போய்ச்சேர வேண்டிய இடம் ஒன்றுதான், வாசல்தான் வேறு. இதிலிருந்து அவர் வகுத்த கற்பித்தல் முறை 1995-இல் கட்டுரையாக வந்தது. பண்பாட்டுக்கு இயைந்த கற்பித்தல் என்று நான் தமிழில் எழுதுவேன். பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும், தன் பண்பாட்டை இழக்காமல் படிக்க வேண்டும், சமூகத்தின் அநீதியைக் கேள்வி கேட்கவும் கற்க வேண்டும் என்ற மூன்றும் சேர்ந்தது அது. முதலாவதை மறந்துவிட்டு வெறும் பண்பாட்டு விழாவாக்கிவிடுகிறவர்களும் உண்டு. அது அவர் சொன்னது இல்லை.

2006-இல் அவர் இன்னொரு சொல்லைப் புரட்டிப்போட்டார், மொழிபெயர்ப்பாளருக்கு இன்னொரு தலைவலி. வெள்ளையின மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள மதிப்பெண் வித்தியாசத்தை 'அடைவு இடைவெளி' என்றே சொல்லி வந்தார்கள். அதை விட்டுவிட்டு 'கல்விக் கடன்' என்று பேசுங்கள் என்றார். ஒரு வருடத்து வரவுசெலவில் விழும் துண்டு வேறு, வருடக்கணக்காக ஏறிக்கொண்டே போகும் கடன் வேறு. பிள்ளைகள் பின்தங்கவில்லை, சமூகம் அவர்களுக்குத் தலைமுறைகளாகக் கொடுக்கவேண்டியதைக் கொடுக்கவில்லை என்பது வாதம். அருமையான வாதம். ஆனால் தமிழில் கல்விக் கடன் என்றால் வங்கியில் வாங்குவது! கடன்பட்டவர் யார் என்பதே தலைகீழாகிவிடும். நான் 'கல்வி நிலுவை' என்று எழுதினேன். கொடுக்கவேண்டியவர் இன்னும் கொடுக்கவில்லை என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இப்போது மூலச் சொல்லுக்கு. என் தேர்வு 'ஒப்புரவு'. குறளில் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. உரைகாரர்கள் உலகநடை அறிந்து உதவுதல் என்று பொருள் சொல்வார்கள். என்னை இழுத்தது அங்கே அடுத்தடுத்து வரும் மூன்று உவமைகள்: ஊருணி, பழமரம், மருந்துமரம். தாகத்தோடு வருபவருக்கு நீர், பசித்தவருக்குப் பழம், நோயாளிக்கு மருந்து. வந்தவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு வேளை மருந்து என்று யாரும் பங்கு பிரிப்பதில்லை. 'ஒப்பு' என்ற பகுதியில் சமம் என்ற பொருளும் இருக்கிறது, பொருந்துவது என்ற பொருளும் இருக்கிறது. ஒரே வேரிலிருந்து கிளைத்த லத்தீன் உடன்பிறப்புகளின் கதைதான் இங்கேயும்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதும் உண்டு. கிறிஸ்தவ வழக்கில் ஒப்புரவு என்றால் பகை நீங்கி இணைவது. தேவாலயத்துக்குப் போய் வளர்ந்தவர்கள் காதில் அந்தப் பொருள்தான் முதலில் விழும். அதனால் முதல்முறை வரும்போது 'ஒப்புரவு, அதாவது அவரவர் தேவைக்கேற்ற நியாயம்' என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு தனிச்சொல்லாக விட்டேன். 'தேவைக்கேற்ற நியாயம்' என்பதையே எங்கும் வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். பேச்சில் வைக்கலாம். குறிப்பின் தலைப்புக்குள் நுழைக்கும்போதுதான் அது மூச்சு வாங்குகிறது.

தலைப்பின் மற்றச் சொற்களிலும் சில்லறைச் சிக்கல்கள் இருந்தன. 'ஆசிரியர் பயிற்சி' என்று எழுதினால் கரும்பலகையில் எழுதப் பழக்குவது போல ஒலிக்கிறது. இவர்கள் செய்வது யாரைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு வகுப்புக்குள் போகிறாய் என்று கேட்பது, ஆகவே 'ஆசிரியர் கல்வி'. 'கேரியர்' என்று அப்படியே விட்டால் சைக்கிளின் பின்பக்கம்தான் நினைவுக்கு வரும், ஆகவே 'பணிவாழ்வு'.

கடைசியில் தலைப்பு 'ஒப்புரவு நோக்கிய ஆசிரியர் கல்வியில் ஓர் அறிஞரின் பணிவாழ்வு' என்று ஆயிற்று. மூன்றாவது பத்தி இப்போது 'சமத்துவம் வேறு, ஒப்புரவு வேறு என்பதே அவருடைய வகுப்பின் முதல் பாடம்' என்று தொடங்குகிறது. மதியம் முடிக்க நினைத்த வேலைக்கு நான்கு நாள் ஆனது.